துரை மேசையில் எங்கள் ஊர்

— கயித்தை விட்டுட்டுத் தள்ளிப் போ, மரியான். எனக்க வலையை நீ தொட்டது எவன் கண்ணுலயாவது பட்டா உன்னையும் ஊர்விலக்குப் பண்ணிருவானுவ.

— பண்ணட்டும், சிலுவையண்ணே. இந்தக் கனத்தை ஒத்தைக்கு எப்பிடி இழுப்பீரு?

— நாப்பது நாளா ஒத்தைக்குத்தான் இழுக்கேன், கேட்டியா. எனக்க வள்ளத்துல ஏற ஆளு கிடையாது. எனக்க மவ கிளாராவுக்குக் கல்யாணம்னு கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும், ரெண்டு வாசிச்சாச்சு. மூணாவது ஓலைக்கு முன்னால மாப்பிளை வீட்டுக்காரன் வந்து, காட்டிக்கொடுத்தவனுக்க மவ வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டான். நம்ம ஆளுவளைக் கெட்டிக் கொண்டுபோனதுக்கு முந்தின நாளு நான் சந்தைக்குப் போனேன், அங்கதான் காட்டிக்கொடுத்தேன்னு ஊரு சொல்லுது. அதுதான் நான் செஞ்ச குத்தம்.

— ஓலை நின்னதைக் கேட்டேன். அதான் வந்தேன்.

— நீ ஒருத்தனாவது வந்தியே.

— அப்பிடிச் சொல்லாதேயும். தாழங்காட்டுக்குள்ள சர்க்காருக்குத் தெரியாம நம்ம ஆளுவ உப்பு விளையவச்ச இடம்... அது உப்பு இன்ஸ்பெக்டருக்கு உம்மால தெரியல்ல.

— அது எனக்குத் தெரியாதா? ஊருக்குச் சொல்லு.

— என்னாலதான் தெரிஞ்சுது.

— என்னலே சொல்லுத?

— கயித்தைப் பிடியும் அண்ணே. இழுத்துக்கிட்டே சொல்லுகேன்.

— கயிறு கிடக்கட்டும். சொல்லு.

— மலைத் தோட்டத்துத் துரை பங்களாவுல ஆறு மாசமா நான் என்ன வேலை பாத்தேன்னு தெரியுமா?

— தச்சு வேலைன்னு சொன்ன.

— கள்ளம். கிறிஸ்மசுக்கு நம்ம கோயில்ல நான் கெட்டுத குடிலைத் துரைக்க குசினிக்காரன் ஜான்ரோஸ் பாத்திருக்கான். அவன் போய்ச் சொல்லி, துரை கூப்பிட்டு விட்டாரு. ஜெர்மன் சண்டையில காலுல குண்டு பட்டவரு. பெட்டி பெட்டியா ஈயச் சிப்பாய் வச்சிருக்காரு. சுண்டுவிரல் உயரம்தான். குதிரை, பீரங்கி எல்லாம் உண்டு.

— கொச்சுப் பிள்ளையளுக்கா?

— துரைக்குத்தான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அவருக்க கூட்டுக்காரங்க வருவாங்க. பகடை உருட்டி, அடிக்கோல் வச்சு அளந்து அளந்து சிப்பாயை நகத்திச் சண்டை போடுவாங்க. அந்தச் சண்டைக்கு ஒரு நிலம் வேணும்லா? மலை, ஆறு, ஊரு... அதைப் பெரிய மேசை மேல செஞ்சு வர்ணம் பூசணும். அதுதான் எனக்க வேலை.

— வளந்த மனுசனுவளுக்குப் பொம்மை விளையாட்டு! சவத்த விடு. அதுக்கும் உப்புக்கும் என்ன?

— முதல்ல மலை செஞ்சேன். சாக்கைப் பசையில முக்கி, பலகைத் துண்டு மேல போத்தி, காஞ்ச பிறவு மணல் ஒட்டி, பச்சையும் காவியும் அடிச்சேன். துரை எனக்க தோளுல தட்டினாரு அண்ணே. பிறவு, கப்பல்ல வந்து பட்டாளம் இறங்குத மாதிரி ஒரு கடற்கரை வேணும்னாரு. எனக்கு வேற எந்தக் கடற்கரை தெரியும்? நம்ம ஊரையே செஞ்சேன்.

— நம்ம ஊரையா?

— கோழித்தூவலைப் பச்சையில முக்கி ஈர்க்குல கெட்டினா தென்னை. ஆத்துக்குக் கண்ணாடி, அதுக்கு அடியில நீலம். கோயிலு, கோயிலுக்குப் பின்னால உமக்க வீடு. மேக்குப் பக்கம் ஓலை பிஞ்சு கிடக்குமே, அதுகூட உண்டு.

— அட மக்கா! எனக்கு அதைப் பாக்கணும் போல இருக்கே.

— வேண்டாம் அண்ணே. தாழங்காடும் செஞ்சேன். அதுக்குள்ள போற ஒத்தையடிப் பாதையும் செஞ்சேன். உப்புப் பாத்திக்குக் கிளிஞ்சலைப் பொடிச்சுத் தூவினேன். விளக்கு வெளிச்சத்துல மினுங்கும்.

— லேய்!

— யாரு கவனிக்கப் போறான்னு நினைச்சேன். அந்தச் சனிக்கிழமை கூட்டத்துல உப்பு இன்ஸ்பெக்டரும் இருந்தாரு.

— பாத்துட்டான்.

— செவ்வாக்கிழமை விடியக்கால அதே பாதை வழியா வந்தானுவ. அஞ்சு பேரைக் கெட்டிக் கொண்டுபோனானுவ. எனக்க மச்சினன் சகாயமும் அதுல உண்டு. எனக்க வீட்டுக்காரி தினமும் உம்மைச் சபிக்கா. நான் பக்கத்துல இருந்து கஞ்சி குடிக்கேன்.

— நாப்பது நாளு, மரியான். எனக்க வாசல்ல சாணி எறிஞ்சானுவ. அந்தக் கூட்டத்துல நீயும் நின்ன.

— நின்னேன்.

— எறிஞ்சியா?

— எறிஞ்சேன். எல்லாரும் எறியும்போ எனக்க கை மட்டும் சும்மா இருந்தா கண்டுபிடிச்சிருவானுவளோன்னு பயம்.

— ச்சீ... உனக்க மூஞ்சியில முழிக்கவே அறப்பா இருக்கு.

— அடியும் அண்ணே. நாலு அடி அடிச்சாலாவது எனக்கு ஆறும்.

— உனக்கு ஆறணும்னு நான் எதுக்கு அடிக்கணும்? இரி அங்க. நான் கொஞ்சம் மூச்சு விடட்டும்... சாமியாருக்கிட்ட சொன்னியா?

— பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். அவரு அதை வெளிய சொல்ல முடியாதுல்லா. ஊருல நீயே போய்ச் சொல்லுன்னாரு. நாக்கு எழும்பல்ல.

— நாளைக்கு ஞாயிறு. பூசை முடிஞ்சதும் கோயில் முத்தத்துல நின்னு சொல்லு. நானும் உனக்க பக்கத்துல நிப்பேன்.

— நீரா?

— பின்ன? ஒத்தைக்கு நிக்கது என்னன்னு எனக்குத் தெரியும், கேட்டியா. உன்னைத் தனியா விட்டா உசிரோட விடமாட்டானுவ. நீ வாய் குழறினா மிச்சத்தை நான் சொல்லுகேன். பாத்தவன் சும்மா இருந்திருக்கமாட்டான், அடிக்கோலை நீட்டி இது என்னன்னு கேட்டிருப்பான். பெரிய உத்தியோகக்காரன் கேட்டா, கூலிக்குப் போனவன் சொல்லாம இருக்க முடியுமா? உன்னை ஏமாத்திப் பிடுங்கியிருக்கான். நீ சாணி எறிஞ்சதைப் பத்தி நான் வாயைத் திறக்கமாட்டேன். குடி கெட்ட நானே பொறுத்துக்கிட்டா, ஊரு பொறுக்காதா?

— அண்ணே...

— இன்னும் என்னத்துக்கு அழுக? முடிஞ்சுது. கயித்தைப் பிடி.

— அவரு கேக்கல்ல.

— எவரு?

— இன்ஸ்பெக்டரு கேக்கல்ல, துரையும் கேக்கல்ல. ஈயச் சிப்பாயை மட்டும் பாத்துட்டு இருந்தாங்க. நான் மாசக்கணக்கா செஞ்ச ஊரு மேல சாராயக் கிளாசைத் தூக்கி வச்சாங்க. ஒருத்தராவது குனிஞ்சு பாத்து, நல்லாருக்குடேன்னு சொல்லமாட்டாங்களான்னு நான் மூலையில நின்னு நின்னு பாத்தேன். பொறுக்கல்ல அண்ணே. நானாத்தான் இன்ஸ்பெக்டருக்க பக்கத்துல போனேன், நானாத்தான் உப்புப் பாத்தி மேல விரலை நீட்டினேன். அவரு யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும். இது எங்க ஊரு உப்புப் பாத்தின்னு சொன்னா அவரு ஒருத்தராவது திரும்பிப் பாப்பாருன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.