முடிஞ்சா வரேன்

இல்லண்ணே, இன்னைக்குச் சண்டைக்கு வரல. நீங்க ஏன் அந்தத் தராசை எடுத்து வைக்கிறீங்க. எனக்குப் புதுப் பெட்டி வேணாம். அதோ மேல் தட்டுல, கப்பல் பெட்டிக்குப் பின்னாடி, ஓரத்துல டேப் ஒட்டி வச்சிருக்கீங்க பாருங்க, அந்தப் பிரிச்ச பெட்டி, அதுதான் வேணும். ஆமா, எனக்காகப் பிரிச்சதேதான். என் பொம்மை வண்டிக்கு அது இல்ல இது இல்லன்னு வாரா வாரம் வந்து உங்க உசுர வாங்கினப்ப, அதே மாடல்ல இன்னொரு பெட்டியைப் பிரிச்சு ஒவ்வொரு பார்ட்டா எடுத்துக் குடுத்தீங்களே. அதைக் குடுங்க. முழு விலையே போட்டுக்குங்க.

தெரியும்ணே, அதுல ஒம்போது பார்ட்டு கிடையாது. வாங்கிட்டுப் போனதே நாந்தானே. சொல்றேன், மொதல்ல இறக்குங்க.

கம்பெனிக்காரனா? பதில் போடல. போடவும் மாட்டான். நீங்க எழுதிக் குடுத்த லெட்டர் கம்பெனிக்குப் போகவே இல்ல. அதையும் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். கோச்சுக்கறதைக் கடைசியா வச்சுக்குங்க, வரிசையா சொல்லிடறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக்கு. சட்டையில எழுதியிருக்கறதைப் பாத்திருப்பீங்க. எவனாவது ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டா எனக்குத்தான் ஃபோன் வரும். எப்ப வருவீங்கன்னு கேப்பான். முடிஞ்சா அரை மணியில வரேன்ம்பேன். பதினாலு வருஷமா வாயில ஊறிப்போன வார்த்தை அது, முடிஞ்சா வரேன். சொன்னா அவனுக்கும் ஒரு நிம்மதி, எனக்கும் ஒரு கட்டாயம் இல்ல. வீட்டுலயும் அதையேதான் சொல்லிட்டிருந்தேன். என் சம்சாரம் நர்சு, அடிபட்டு வர்றவங்க வார்டுல. பொறுத்துப் பொறுத்துப் பாத்தா. ஒரு நாள், இனிமே முடிஞ்சாலும் வர வேணாம்னுட்டா. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சாச்சு.

ஒரே பொண்ணு, எட்டு வயசு. எனக்குக் கோர்ட்டு குடுத்தது ஞாயித்துக்கிழமை பத்துலேருந்து ரெண்டு. அதுவும் வீட்டுல இல்ல, கோர்ட்டுக்குப் பின்பக்கம் ஒரு ரூம்ல. ஒரு மேசை, மூணு பிளாஸ்டிக் சேர், மூலையில ரெஜிஸ்டரோட ஒரு மேடம், கதவுக்கு மேல கடிகாரம். ஸ்கூல் எப்படிம்மா போகுதும்பேன். நல்லாப் போகுதும்பா. சாப்டியா. சாப்டேன். மணி பாத்தா பத்து பத்து. இன்னும் மூணு மணி அம்பது நிமிஷம் இருக்கு. பெத்த பிள்ளைகிட்டப் பேச ஒண்ணும் இல்லாம உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம், நல்லா இருங்க.

அப்பத்தான் உங்க கடை கண்ணுல பட்டுது, பார்ட்டு பார்ட்டா நாமளே ஒட்டிச் செய்யற பொம்மைங்களோட. அவளுக்குப் பிடிக்கும்னு வாங்கினேன்னு பொய் சொல்ல மாட்டேன். ரயிலு இருந்துச்சு, பாய்மரக் கப்பல் இருந்துச்சு. நான் பீரங்கி வண்டியை எடுத்தேன். ஏன்னா அவங்கம்மாவுக்குத் துப்பாக்கி, பீரங்கி எதுவும் ஆவாது. குண்டடி பட்டவங்களைப் பாத்துப் பாத்து வெறுத்துப்போனவ. தண்ணித் துப்பாக்கியைக்கூட வீட்டுல சேத்தது கிடையாது. எரியட்டும்னுதான் எடுத்தேன். மேடம் ரெஜிஸ்டர்ல, அப்பா கொண்டு வந்தது டேங்க் ஒண்ணுன்னு எழுதினாங்க. அவங்கம்மா அதைத் தண்ணி டேங்க்குன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டுட்டா. அதை நெனச்சு நெனச்சு ரெண்டு வாரம் சிரிச்சிருக்கேன், அவ்வளவு அல்பம் நான்.

விஷயம் தெரிஞ்சப்புறம், என் வாசப்படி அது மிதிக்கக் கூடாதுன்னுட்டா. ரூம்ல எதையும் விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு மேடம் ஒரு பக்கம். ஆக, நானே கொண்டு வரணும், நானே கொண்டு போகணும். பசை காயாம பையில போட்டா எல்லாம் கோணிக்கும். அதனால நான் ஒரு கண்டிஷன் போட்டேன். ஒண்ணே முக்காலுக்குள்ள ஒட்டி முடிக்கணும், கால் மணி நேரம் காயறதுக்கு. ஃபோன்ல டைம் வச்சு மேசை மேல நிறுத்திடுவேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கை இருக்கே, அவங்கம்மா கை. பிளாஸ்டிக் சட்டத்துலேருந்து பார்ட்டை வெட்டி, வெட்டின இடத்தை உப்புத்தாள்ல தேச்சு, இடுக்கியால பிடிச்சு நீட்டுவா. நான் பசை வைக்கணும், அவ்வளவுதான் என் வேலை. அப்பா கை நடுங்குதுன்னு கிண்டல் வேற.

மொதல் வண்டி அன்னைக்கு முடியல. ரெண்டு மணி ஆச்சு, சக்கரமெல்லாம் அப்படியே கெடக்கு. அடுத்த வாரம் வருவியாப்பான்னா. இன்னும் முடியலேல்ல, வந்துதானே ஆகணும்னேன். வந்தேன். முடிச்சோம். கெளம்பறப்ப மறுபடி கேட்டா, அடுத்த வாரம் வருவியாப்பா. முடிஞ்சா வரேன்மான்னேன். அந்த ஞாயிறு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னு போச்சு, போகல. அதுக்கடுத்த ஞாயிறும் ஏதோ ஒண்ணு.

ரெண்டாவது வண்டி சின்னது. ஒன்றரைக்கே முடிச்சுட்டோம். மேடம் எந்திரிச்சு வந்து பாத்துட்டுக் கை தட்டினாங்க. முடிஞ்சுதும்மான்னு நானும் கத்தினேன். அவ சிரிக்கல. பசி போலன்னு நெனச்சேன். அன்னைக்கும் அதே கேள்வி, அதே பதிலு, முடிஞ்சா வரேன். அப்புறம் மூணு வாரம் நான் போகல.

மூணாவதுதான் இந்தப் பெட்டியில இருக்கற மாடல். அறுநூத்திச் சொச்சம் பார்ட்டு. மூணு ஞாயிறுன்னு கணக்குப் போட்டு, இந்த மணிக்குள்ள இவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதியே வச்சிருந்தேன். மொத நாளே ஒரு சக்கரத்தைக் காணோம். சக்கரம் இல்லாம அதைச் சுத்திப் போற பட்டையை மாட்ட முடியாது, வேலை அங்கயே நின்னு போச்சு. தரையில படுத்துத் தேடறேன், மேடம் ரெண்டு காலையும் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நேரா இங்க வந்து உங்களை யோவ்னு கூடக் கூப்பிட்டுட்டேன். மன்னிச்சிருங்க. நீங்க குடுத்த சக்கரத்தோட அடுத்த வாரம் போனா ஒரு அச்சு இல்ல. அதுக்கடுத்த வாரம் மூடிக்குக் கீல் இல்ல. எது இல்லைன்னா மேல வேலை ஓடாதோ, கரெக்டா அது இருக்காது. எனக்கு வெறி பிடிச்சிருச்சு. அரைகுறையா ஒண்ணை விட்டுட்டு வந்தா எனக்குச் சோறு எறங்காது. ஒம்போது ஞாயிறு, ஒண்ணு தவறல. ஒருத்தன் அஞ்சாவது மாடியில மாட்டிக்கிட்டுக் கத்தறான், வேற ஆளை அனுப்புங்கன்னு சொல்லிட்டு ஃபோனை அணைச்சேன். நீங்ககூடச் சொன்னீங்களே, பிள்ளைக்காக இவ்வளவு அலையற அப்பனைப் பாத்ததில்லைன்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் நீங்க கோவத்துல தராசை எடுத்தீங்க. புதுப்பெட்டி ஒண்ணையும், எனக்குக் குடுத்த பார்ட்டுங்களைக் கணக்குல சேத்து இதையும் தூக்கி வச்சு, ரெண்டு பேருமா ஒக்காந்து எண்ணிப் பாத்து, எங்கிட்டக் கையெழுத்து வாங்கினீங்க. கம்பெனிப் பெட்டியில பார்ட்டு குறையறதே இல்லன்னு ஆயிருச்சு. அப்ப எங்க போச்சு? ரூம்ல இருக்கறது மூணு பேரு. மேடம் எடுக்க மாட்டாங்க. எனக்குப் புத்தி வேற எங்கயும் போகல, நேரா அவங்கம்மாகிட்டதான் போச்சு. நான் அலையட்டும்னு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்றா. நான் பண்ணக்கூடிய காரியத்தைத்தானே அவ பண்ணுவான்னு எனக்குத் தோணும்.

ஒம்போதாவது வாரம் பீரங்கிக் குழலே இல்ல. அது ஒண்ணு சொருகினா வண்டி முடிஞ்சுது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க. பாக்கெட்டைக் காட்டு, உங்கம்மா சொல்லித்தானே எடுத்த, திருட்டுக் கழுதைன்னு கத்தினேன். எட்டு வயசுப் பிள்ளையை. மேடம் என்னை அதட்டினாங்க, ரெஜிஸ்டர்லயும் எழுதினாங்க. அவ என்னைப் பாக்கவே இல்லண்ணே, கடிகாரத்தைப் பாத்துட்டு நின்னா. ரெண்டு ஆனதும் பையை எடுத்து மாட்டிக்கிட்டு, இன்னும் முடியலேல்லப்பா, அப்ப வருவேல்லன்னு கேட்டா. கண்டுபிடிக்காம விட மாட்டேன், வருவேன்னு சொன்னேன்.

அந்த வாரம் குழல் வாங்க வந்தப்பத்தான் உங்ககிட்ட லெட்டர் கேட்டேன். இந்தக் கடையிலேருந்து போற பெட்டியில எல்லாப் பார்ட்டும் இருந்துச்சு, எண்ணிக் குடுத்திருக்கோம்னு. கம்பெனியோட சண்டை போடறதுக்குன்னு சொன்னேன். பொய். வக்கீல்கிட்டக் குடுத்தேன். பிள்ளையைத் திருடப் பழக்கறா, இவகிட்ட வளர வேணாம், எங்கிட்டக் குடுங்கன்னு மனு. அதுக்கு உங்க லெட்டரு சாட்சி. பயப்படாதீங்க, உங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க. சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டவன் நான் ஒருத்தன்தான்.

கோர்ட்டுல கவுன்சிலர் அம்மா ஒருத்தங்க பிள்ளையைத் தனியாக் கூட்டிட்டுப் போய்ப் பேசினாங்க. திரும்பி வந்து எங்க ரெண்டு பேர் முன்னாடியும் ஒரு பென்சில் டப்பாவை வச்சாங்க. தெறந்தா, கோடு போட்ட நோட்டுத் தாள் மடிச்சு இருக்கு. அதுல டேப் போட்டு வரிசையா ஒட்டியிருக்கா. சக்கரம், அச்சு, கீலு, கடைசியா குழல். ஒம்போதும். என் வக்கீல் என் தொடையைத் தட்டினாரு, ஜெயிச்சுட்டோம்னு.

ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல தேதி. தேதிக்குப் பக்கத்துல, அந்த மேடம் ரெஜிஸ்டர்ல எழுதுவாங்களே, அதே மாதிரி, வந்தார்னு எழுதியிருக்கா. சக்கரம், அடுத்த ஞாயித்துக்கிழமை தேதி, வந்தார். அச்சு, தேதி, வந்தார். குழலுக்குத் தேதி மட்டும் போட்டு வச்சிருந்தா. பக்கத்துல ஒண்ணும் எழுதல. அதுக்குள்ள நான் மனு போட்டதால, கோர்ட்டுல ஞாயித்துக்கிழமையை நிறுத்தி வச்சிருந்தாங்களே.

ஏன்மா எடுத்தன்னு கேட்டிருக்காங்க. முடிஞ்சா அப்பா வர மாட்டாருன்னு சொல்லியிருக்கா. யாரு சொன்னா, அம்மாவான்னு கேட்டிருக்காங்க. இல்ல, அப்பாவேதான் சொல்லுவாரு, முடிஞ்சா வரேன்னு, ஆனா முடிஞ்சா வரவே மாட்டாரு, முடியலைன்னாதான் வருவாருன்னு. நான் சொன்ன முடிஞ்சா வேற, அவ கேட்ட முடிஞ்சா வேறன்னு கவுன்சிலர் அம்மாவுக்கு விளக்கலாம்னு வாயெடுத்தேன். எதை விளக்கறது. ரெண்டுக்கும் நான் போகலைங்கறது ஒண்ணுதானே.

அவங்கம்மா ஏசுவான்னு பாத்தேன். ஏசல. ஊர்ல மாட்டிக்கிட்டவங்களை எல்லாம் போய் இறக்கி விடுவேல்லன்னு மட்டும் கேட்டா.

ஆறு மாசம் பாக்கக் கூடாதுன்னு ஆர்டரு. நான் கத்தினது ரெஜிஸ்டர்ல இருக்கே. மாசத்துக்கு ஒரு பார்சல் அனுப்பலாம், மேடம் பிரிச்சுப் பாத்துக் குடுப்பாங்க. உனக்கு என்ன வேணும்னு அவகிட்டக் கேட்டதுக்கு, அதே வண்டின்னு சொல்லியிருக்கா. அவங்கம்மாவும் சரின்னுட்டா. வீட்டுக்குள்ளயே வச்சுக்கட்டும்னு சொன்னாளாம். நான் ஜெயிக்கணும்னு கொண்டு போன பீரங்கிண்ணே அது, அவளே கதவைத் தெறந்து விடறா. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

அதான் புதுசு வேணாங்கறேன். நாங்க ஒட்டி வச்ச வண்டியை அனுப்பினா, குழலைச் சொருகி அன்னைக்கே முடிஞ்சுது. முழுப் பெட்டி குடுத்தா அந்தக் கைக்கு ஒரு மாசம் தாங்காது. முடிச்சுடுவா. முடிச்சுட்டு மிச்ச அஞ்சு மாசமும் என்னன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பா சொல்லுங்க. ஆனா இந்தப் பெட்டியில இல்லாத ஒம்போதும் அவ பென்சில் டப்பாவுல இருக்கு, கோர்ட்டுல திருப்பிக் குடுத்துட்டாங்க. அதனால நீங்க எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். இதுலேருந்து இன்னும் ஒண்ணு எடுத்துருங்க. அவகிட்ட இல்லாததா, அது இல்லாம வண்டி முடியாத மாதிரி ஒண்ணு. எடுத்து உங்க மேசை டிராயர்ல போட்டு வைங்க.

அய்யோ, எங்கிட்டக் குடுக்காதீங்க. எதுன்னும் சொல்லாதீங்க. எனக்கு அரைகுறையா இருந்தா ஆகாது, தெரிஞ்சா அடுத்த பார்சல்லயே அனுப்பித் தொலைப்பேன். நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன், நீங்க எடுங்க.

எடுத்தாச்சா? சரி, டேப்பை நல்லா ஒட்டிருங்க. அட்ரஸ் நான் எழுதிக்கறேன். ஆறு மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை வந்து அதை வாங்கிக்கறேன், மறுநாள் ஞாயிறு பத்து மணிக்கு அங்க இருக்கணும். பத்திரமா வைங்க.

வரேண்ணே. முடிஞ்சா எல்லாம் இல்ல. வரேன்.