வாளியில் ஈரத் துணி

ஆடி இரண்டாம் செவ்வாய் காலை, பாறசாலையிலிருந்து கடற்கரைக்குப் போகும் பஸ். முன் இருக்கைப் பெண்ணின் மடியில் வாளி நிறைய ஈரத் துணி.

“பஸ்ஸுக்க கம்பியில காயப்போடவா மக்கா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“கடல் பாதி வீட்ட எடுத்தாச்சு அக்கா. இப்ப களியக்காவிளையில வாடகைக்கு இருக்கோம். அது தமிழ்நாடாக்கும். அங்க மாறியாச்சுண்ணு தெரிஞ்சா, இந்த கேரளா சர்க்காரு புது வீடு தராது. மிச்ச வீட்டுக்க கொடியில துணி கெடந்தா, வீட்டுல ஆளு உண்டுண்ணு நெனப்பாவ.”

“துணியக் கண்டா மட்டும் போருமா?”

“போராது. ராத்திரி அவரு அங்கயாக்கும் படுக்கியது.”

“கள்ளக்கடல் பொங்கி கரைக்கு ஏறும், வீட்ட விட்டு மாறுங்கண்ணு நேத்து மைக்குல சொன்னாவளே?”

வாளிக்காரி போனை எடுத்து அவரை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது.

“உறங்குவாரு” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அழைத்தாள்.