தனக்குத் தானே பிண்டம் வைத்தவர்

வடிவு: சாமின்னு கூப்பிடவா, இல்ல… பழையபடியே கூப்பிடவா?

சாமியார்: எப்படி அழைத்தாலும் ஒன்றுதான், அம்மா.

வடிவு: அம்மாவா! சுஜிதாவுக்குத்தான் நான் அம்மா. உங்களுக்கு இருபத்தாறு வருசமாப் பொஞ்சாதி.

சாமியார்: அந்த மந்திரமூர்த்தி போய்விட்டான். காவி வாங்குமுன் அவனுக்கு நானே…

வடிவு: பிண்டம் வச்சிய, தெரியும். ஹார்பர்ல கிரேன் ஓட்டுன மனுசன், கடல்ல மூணு முங்கு முங்கிட்டு எந்திரிக்கும்போது செத்துட்டாராம். நான் தாலியக் கழத்தணுமா வேண்டாமான்னு ஒருத்தரும் சொல்லல.

சாமியார்: நாலு மணிக்கு வகுப்பு இருக்கிறது…

வடிவு: இருக்கட்டும். நீங்க கிளம்பும்போது பிள்ளைக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ். இப்ப மூணு. கையில ஊசி குத்த இடமில்ல.

சாமியார்: நோய் உடம்புக்கு. அவள் உடம்பல்ல, நானும் உடம்பல்ல. இரண்டு என்பதே இல்லாத இடத்தில் யார் மகள், யார் தகப்பன்?

வடிவு: உடம்பு நீங்க இல்ல, அப்படித்தானே?

சாமியார்: இல்லை.

வடிவு: அப்போ அதுலேருந்து ஒரு கிட்னிய எடுத்துக் குடுக்க என்னத்துக்கு யோசிக்கிய? செத்தவுக உடம்பத்தானே கேக்கேன்.

சாமியார்: கேலி வேண்டாம்.

வடிவு: கேலியா? எனக்குச் சக்கரை, ஆகாதுன்னுட்டாக. இல்லைன்னா இந்த மடத்து வாசலை மிதிச்சிருப்பனா?

சாமியார்: அரசாங்கத்தில் பதிந்து வைத்தால்…

வடிவு: பதிஞ்சாச்சு. எல்லாம் ஒண்ணுன்னு இங்கன சொல்லுதிய. அங்கன வரிசை நம்பர் இருக்கு. நம்ம பிள்ளைக்கு முன்னால எத்தனை பேரு தெரியுமா?

சாமியார்: துறந்தவன் திரும்பக் கூடாது.

வடிவு: வீட்டுக்கு யாரு கூப்பிட்டா? காவியோடயே ஆஸ்பத்திரிக்கு வாங்க. டெஸ்டுக்கு ரத்தம் மட்டும் குடுத்துப் பாருங்க. பொருந்தலைன்னா இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன். என்ன… ஒரு ஊசிக்கா இந்த முழி முழிக்கிய?

சாமியார்: அது… பொருந்தும், வடிவு.

வடிவு: எப்படித் தெரியும்?

சாமியார்: யாருக்கும் சொல்லாம டெஸ்ட் எடுத்தேன். பொருந்துதுன்னதும் ஆபரேஷன்னு பயந்துட்டேன். மறுநாளே இங்கன வந்துட்டேன்.

வடிவு: தெரியும். நீங்க கழத்திப் போட்டுட்டு வந்த சட்டைப் பையில அந்தச் சீட்டு இருந்துச்சு. எடுத்தது சுஜிதா. பத்து மாசம் தலகாணிக்கடியில ஒளிச்சு வச்சிருந்தா… நேத்துதான் நான் பாத்தேன். அப்பாகிட்டப் போயி கேட்டுராதம்மான்னு அழுதா.