ஓர் ஆளின் எடை

— செருப்பை அப்புறம் கழட்டலாம் மாப்ள. மொதல்ல சொல்லுங்க, தராசுல எனக்குப் பதிலா அந்த மணல் மூட்டை நின்னுச்சா இல்லையா?

— நின்னுச்சு மச்சான். உங்க நீலச் சட்டை அதுக்குக் கச்சிதமா இருந்துச்சு.

— அப்ப ரெண்டு நாளா ஏன் ஆளையே காணோம்? பெட்டியக் கட்டி வச்சுட்டு, வெளிய தலை காட்டாம உக்காந்திருக்கேன். மக பெத்த பிள்ளையப் பாக்க ஒரு வாரம் லீவு கேட்டா மேனேஜர் குடுக்கல, அதுக்கு இவ்ளோ கூத்தா? ஸ்டோர்ல ஆணியும் போல்ட்டும் எடுத்துக் குடுக்கறவன் நான். நான் இல்லேன்னா லிஃப்ட் கம்பெனி கவுந்துடுமா?

— கவுந்துடும். லிஃப்ட்ல எத்தனை பேர் ஏறலாம்ங்கற விவரப் புத்தகத்துல நான்தானே எழுதினேன், ‘ஓர் ஆள் என்பது நம் ஸ்டோர்கீப்பர். எடை திங்கட்கிழமைதோறும் புதுப்பிக்கப்படும்’னு.

— அன்னிக்கு வேற ஆளே கிடைக்கலையாக்கும்?

— நீங்கதான் எதிர்க்க பிஸ்கட் தின்னுட்டு நின்னீங்க.

— இந்த மூளைக்குத்தான் என் தங்கச்சியக் கட்டிக் குடுத்தேன்.

— கேளுங்க மச்சான். ஞாயித்துக்கிழமை மழை. ஜன்னலச் சாத்தல. மூட்டை நனைஞ்சு நாலு கிலோ ஏறிப்போச்சு.

— மூட்டைதானே ஏறிச்சு? எனக்கென்ன?

— தராசுல நின்னது நீங்க. எழுபது கிலோவா இருந்தவரு எழுபத்திநாலு ஆயிட்டீங்க. ஊர்ல இருக்கற லிஃப்ட்ல எல்லாம் ‘எட்டுப் பேர்’ பலகையக் கழட்டிட்டு ‘ஏழு பேர்’னு மாட்டிட்டு வரேன். ஆஸ்பத்திரி லிஃப்ட்ல எட்டாவதா நின்னவரு, நேத்து வரைக்கும் நானும் ஒரு ஆளாத்தானே இருந்தேன்னு சண்டைக்கு வந்துட்டாரு.

— மேனேஜர் என்ன சொன்னாரு, அதச் சொல்லுங்க.

— ஏன்யா இப்படி ஏறிட்டேன்னு கேட்டாரு. நீங்க வாயே திறக்கல.

— மூட்டை எப்படி மாப்ள வாயத் திறக்கும்?

— அதுலதான் அவரு மனசு கரைஞ்சிடுச்சு. பாவம், பேரப்பிள்ளையப் பாக்காத ஏக்கத்துல கண்டதையும் தின்னு ஊதிட்டாரு, பேசினா அழுதுடுவாரு போலிருக்குன்னு சொல்லி லீவு குடுத்துட்டாரு.

— நல்லா இருக்கணும் அந்த மனுஷன். பெட்டிய எடுங்க. சாயங்கால ரயிலப் பிடிச்சிடறேன்.

— அங்கதான் சிக்கல். நாலு பேர விட்டுத் தூக்கி அன்னிக்கே ரயிலேத்திட்டாரு.

— யாரை?

— உங்களைத்தான். ஜன்னலோரம்.

— அடப்பாவி. மக என்ன நினைச்சிருப்பா?

— காலைல போன் பண்ணுச்சு. அப்பா சதை போட்டு நல்லா இருக்காராம். முன்ன மாதிரி தொட்டதுக்கெல்லாம் குறை சொல்றதில்லையாம். பிள்ளை அவர் மேல சாஞ்சாத்தான் தூங்குதாம். இன்னும் ஒரு மாசம் வச்சு அனுப்பறேன்னுச்சு. மேனேஜரும் சரின்னுட்டாரு.

— அப்ப நான்?

— அதுக்குத்தான் ஓடி வந்தேன் மச்சான். திங்கக்கிழமை தராசுல உங்களுக்குப் பதிலா நிக்க ஆள் வேணும். நாலு கிலோ ஏத்திட்டு வர முடியுமா?