மரத்தடியில் புல் வளர்த்து மந்தையை மீட்ட மேற்பார்வையாளர் அம்மையாருக்கு

"கன்னுக்குட்டிங்களை அவிழ்த்துவிட்டது யாருங்க? என் ஒரு வருஷ உழைப்பை ஒரே காலையில மேஞ்சு முடிச்சிருக்குதுங்க!"

"நிழல்லயும் புல்லு வரும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க. அதுங்க நம்பி வந்திருக்கு. என்னைத் திட்டினா ஆச்சா?"

இருபத்தோராண்டுகளுக்கு முன் தீவனப் பிரிவு வாசலில் இப்படி முழங்கி நின்ற எங்கள் மேற்பார்வையாளர் அம்மையீர், பசுமை படைத்த பண்பாளரே, வணக்கம். அன்று பதிலுக்குப் பதில் பேசியவர் மாட்டுக் கொட்டகைப் பொறுப்பாளர். கோப்பு தேடும் பாவனையில் ஒரு சொல் விடாமல் கேட்டவர்கள் நாங்கள்.

கோடைக்குள் பசுந்தீவனம் காட்டாவிட்டால் நாற்பது மாடுகளையும் விற்பதென்று மேலாளர் முடிவெடுத்திருந்த நேரம் அது. நீங்களோ மாடு தின்னும் தழை தருகிற சவுண்டல் மரக்கன்றுகளை வரிசையாய் நட்டு, இடையே கினியாப் புல்லை ஊன்றி, "மேல தழை, கீழ புல்லு, ரெண்டும் ஒரே நிலத்துல" என்று வாதாடி வந்தீர்கள். மரம் உயரட்டும் என்று ஒரு கிளையையும் வெட்ட விட்டதில்லை. புல்லோ வெளிச்சமின்றி வெளுத்துக் கிடந்தது. அந்த நிலையில்தான் கன்றுக்குட்டிகள் இளமரங்களை வளைத்து ஒடித்துத் தின்று, இடுப்புயரக் கட்டைகளாக மொட்டையடித்தன.

எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடுவீர்கள் என்று உங்கள் காதுபடவே பேசினோம். நீங்கள் அளவு நாடாவோடு தினமும் போய் அந்த மொட்டைகளின் முன் குந்தினீர்கள். மூன்றாம் வாரம் ஒவ்வொன்றிலும் ஐந்தாறு துளிர். கீழே வெயில் பட்ட புல் முழங்கால் தாண்டியது. அன்றே அரிவாளை எடுத்தீர்கள். நாற்பது நாளுக்கு ஒருமுறை இடுப்புயரத்தில் வெட்டு என்பது பண்ணையின் சட்டமாயிற்று. கன்றுக்குட்டிகளிடம் கற்றதாக நீங்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. போகட்டும்.

கோடை வந்தது. திறந்த வயலெல்லாம் கருகியது. மரத்தடி மட்டும் தளதளத்தது. மேலாளர் அழைத்து வந்த மாட்டு வியாபாரியே தயங்கி, "இவ்வளவு தீவனம் வச்சுக்கிட்டு ஏன் சார் விக்கிறீங்க?" என்றார். மேலாளர் விலை பேசாமலே அவரைத் திருப்பி அனுப்பினார். ஒரு மாடும் பண்ணையை விட்டுப் போகவில்லை. வெற்றி உங்களுடையது, வீரமும் உங்களுடையது, பிடுங்கி எறிவீர்கள் என்று பேசிய வாய் மட்டும் எங்களுடையது.

உடல்நலமும் குரல்வளமும் ஒருசேரக் குன்றாமல் நெடுங்காலம் வாழ்வீராக.

பின்னாளில் படிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு: அந்த மேலாளர் மறுவருடம் மாற்றலாகிப் போனார், புது இடத்தில் நடுவதற்குப் புல் வேர்க்கரணை இரண்டு மூட்டை கேட்டு வாங்கிக்கொண்டே போனார். கொட்டகைப் பொறுப்பாளர் எங்கும் போகவில்லை. அம்மையாரையே மணந்துகொண்டார். கன்றுகளை அவிழ்த்தது தான்தான் என்பதைத் திருமணம் முடிந்த பிறகே சொன்னாராம்.

இப்படிக்கு,
தீவனப் பிரிவு மற்றும் மாட்டுக் கொட்டகை ஊழியர்கள்