கிளி எடுத்த சீட்டு

காலையில் எழுந்ததும் பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைப்பேன். பால் பொங்குவதற்குள் லேப்டாப்பைத் திறந்து அந்த ஒரு வரியை அடித்துவிடுவேன். பதில் வரும். அடுப்பை அணைப்பேன். என் மனைவி ஜீவிதா இருந்தபோதும் அப்படித்தான், அவள் போன பிறகும் அப்படித்தான். ஒரு டம்ளர் குறைந்தது.

அந்த ஒரு வரி என்ன என்று கேட்டீர்கள். சொல்கிறேன் சார். எழுதிக்கொள்கிறவர் அவசரப்பட வேண்டாம்.

நான் வேலை பார்த்தது கேத்திக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலை ஃபேக்டரியில். பச்சை இலைக்கு விலை இறங்கிக்கொண்டே போன வருஷங்கள். குன்னூர் ஏலத்துக்குப் போன எங்கள் தூள் கேட்பாரில்லாமல் கிடந்தது. முதலாளி ஆட்களைக் குறைத்தார். குறைத்த ஆட்களுக்குப் பதிலாக சென்சார் வைத்தார். இலை வாட்டும் மாடியில், உலர்த்தும் இயந்திரத்தில், அடுப்பு அறையில். ஊட்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை அவற்றைப் பார்த்துக்கொள்ள வைத்தார். காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு வீடும் கொடுத்தார்.

சென்சார்கள் தங்கள் எண்களை ஒரு சர்வருக்கு அனுப்பும். சர்வர் அவற்றைச் சேர்த்து வைக்கும், அபிப்பிராயம் சொல்லாது. அதைச் சொல்வது ஒரு சின்ன ப்ளகின். கமாண்ட் லைனில் அதன் பெயரை அடித்து, எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், எச்சரிக்கைக்கு எல்லை எது, ஆபத்துக்கு எல்லை எது என்று கொடுக்க வேண்டும். அது சர்வரிடம் கேட்டுவந்து ஒரு சொல் சொல்லும். ஓகே, வார்னிங், கிரிட்டிகல், அன்னோன். வேறு பேச்சு அதற்குத் தெரியாது. நான் அடிக்காவிட்டாலும் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அது தானாக ஓடும். ஓகே தவிர எது வந்தாலும் ஃபேக்டரியில் சைரன் அடிக்கும். என் ஃபோனும் முதலாளி ஃபோனும் அடிக்கும்.

ஜீவிதா அதற்குக் கிளி என்று பேர் வைத்தாள். "பஸ் ஸ்டாண்டு கிளி ஜோசியமேதானுங்க இது. நீங்க கூப்பிடறீங்க, வெளிய வந்து ஒரு சீட்ட எடுத்துப் போட்டுட்டுக் கூண்டுக்குள்ள போயிருது. அந்தக் கிளிக்காச்சும் ஒரு நெல்லு குடுப்பாங்க" என்பாள். பிறகு ஃபேக்டரி முழுக்க அதுதான் பேர்.

அடுப்பு அறைதான் விஷயம். விறகு எரியும் ஹீட்டரில் விரிசல் இருந்தது. ஈர விறகும் பனிமூட்டமும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு வெளியே போகாமல் அறைக்குள் தங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. விறகு தள்ளுகிற ஆளை நிறுத்திய பிறகு, இலை மாடியில் வேலை செய்த பெண்கள் முறைவைத்துச் சாம்பல் அள்ளினார்கள். ஜீவிதாவும் அள்ளினாள். உள்ளே போகும் முன் எனக்கு ஃபோன் செய்து கிளி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். நான் அந்த வரியை அடித்து ஓகே என்று சொன்னால் போகலாம்.

மூட்டம் இறங்கினால் நெட்வொர்க் தடுமாறும். சென்சாரிலிருந்து எண் வராது. எண் வராவிட்டால் அன்னோன். அன்னோன் என்றால் சைரன். நம் ஊரில் மூட்டம் எப்போது இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பிட உட்காரும்போது. தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது. அவள் அம்மா வீட்டுக்குப் போக பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு. இறங்கித் திரும்பி நடப்போம். கோயம்புத்தூரில் ஒரு இன்டர்வியூவுக்குக் கிளம்பினேன், பர்லியார் தாண்டவில்லை. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். சுற்றிலும் ஃபேக்டரிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். "இன்னொருக்கா சும்மா சைரன் அடிச்சுதுன்னா உன்னையும் சேர்த்து நிறுத்திருவேன் பாத்துக்க" என்றார் முதலாளி.

ப்ளகினில் ஒரு வசதி உண்டு. வரியின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தால், எண் வராததையும் ஓகே என்று எடுத்துக்கொள்ளும். அதை எழுதியவர்களே வைத்த வசதி. சேர்த்தேன். ஃபோன் ஓய்ந்தது. ஜீவிதா பொரித்த அப்பளத்தை அன்றைக்கு நமுத்துப்போகும் முன் சாப்பிட்டேன்.

அவள் மழைக்காலத்தில் அடுப்பு அறையில் இறந்தாள். உங்கள் ஃபைலில் இருக்கும். சென்சாரின் பேட்டரி தீர்ந்து போயிருந்தது, அதனால் எண்ணே வரவில்லை. பேட்டரி பார்ப்பது ஃபோர்மேன் ராஜரத்தினத்தின் பொறுப்பு. விசாரணையில் அவரே எழுந்து, "பேட்டரி பாக்காம விட்டது என்னோட பிழைங்க ஐயா" என்றார். அவராகச் சொன்னது. நான் யார் மேலும் பழி போடவில்லை. என்னைக் கேட்டார்கள், திரையில் ஓகே இருந்தது என்றேன். அந்த ஓர் எழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டார். சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றாள் என்று சொன்னேன். வந்தவர்கள் போனவர்கள் எல்லோரிடமும் மாமியார் அதையே சொல்லி அழுதார்.

ராஜரத்தினம் சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர். அன்றைக்கு அடுப்பு அறை வாசலில் அவளுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தான். அவளை வெளியே இழுத்துப் போட்டதும் அவர்தான். அதற்குப் பிறகு பெண்கள் யாரையும் அந்த அறைக்குள் விடவில்லை. சாம்பலைத் தானே அள்ளினார். தினமும் சாயங்காலம் அவர் மனைவி தெய்வம்மா கொடுத்த சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்து என் கதவைத் தட்டுவார்.

"சாப்பிடுங்க தம்பி, கருவாட்டுக் கொழம்பு. தெய்வம்மா வைக்கிறத நானே சாமிய கும்பிட்டுட்டுத்தான் வாயில வைப்பேன். ஒங்களுக்குன்னா மட்டும் அவளுக்குக் கை திருந்திருது."

நான் சிரிக்காவிட்டாலும் அவர் சிரிப்பார். எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்துவார். "நான் ஒருத்தர்கிட்டயும் கதைக்கல்ல தம்பி. கதைக்கவும் மாட்டேன். நீங்க மனச போட்டு ஒழப்பிக்காதீங்க."

எதைக் கதைக்கவில்லை என்று அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்ப்பேன். மறுநாள் வாளி வரும். அதே பேச்சு வரும். ஃபோன் ஓய்ந்த வீட்டில் அந்தத் தட்டல் மட்டும் ஓயவில்லை. நான்கு மணிக்கே அதற்காகக் காது கொடுக்க ஆரம்பித்தேன். ஊரை விட்டுப் போகலாம் என்று நினைத்தேன். போனாலும் அவர் எங்காவது இருப்பார், அது அவருக்குள் இருக்கும்.

பேட்டரியைக் கவனிக்காமல் என் மனைவியைச் சாகவிட்ட ஆள் எனக்கே சோறு கொண்டுவருகிறார். எந்தப் புருஷன் பொறுப்பான்? நியாயமாக யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

ஹீட்டர் விரிசலில் மண் பூசி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சென்சாருக்குப் புதுப் பேட்டரி போட்டிருந்தார்கள். விறகு நனைந்து மூட்டமும் கவிந்த ஒரு சாயங்காலம், அவர் சோறு வைத்துவிட்டுப் போன பிறகு, ப்ளகினுக்குக் கொடுத்த இரண்டு எல்லைகளிலும் பூஜ்யங்களைச் சேர்த்தேன். தானாக ஓடுவதிலும் மாற்றினேன், நான் அடிக்கும் வரியிலும் மாற்றினேன். மறுநாள் காலை பாலை வைத்துவிட்டு அடித்தேன். ஓகே என்றது. பக்கத்தில் எண்ணும் இருந்தது. அந்த எண்ணில் ஒரு மனிதன் சில நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது.

ஃபோன் வந்தது.

"தம்பி, கிளி என்னா சீட்டு எடுத்திச்சு?"

"ஓகே அண்ணே."

"சென்சார் பொட்டியில லைட்டும் எரியுது, இந்தவாட்டி நல்லா பாத்துட்டேன். அப்ப உள்ள போறேன். ராவைக்குக் கீரை தம்பி. மொகத்த சுளிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பாலை இறக்கி வைத்தேன். பொங்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லை சார். இரண்டு தடவையும் திரையில் இருந்ததை இருந்தபடி படித்தேன்.

அவர் இறந்த பிறகு எல்லைகளைப் பழையபடி மாற்ற எனக்கு நேரம் இருந்தது. மாற்றவில்லை. மாற்றியிருந்தால் நீங்கள் என் வீட்டுக்கு வந்திருக்க மாட்டீர்கள். ராஜரத்தினத்தைக் கொன்றது நான். மனைவிக்காகச் செய்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். தெய்வம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காரணம் கேட்கிறாராம். அவரிடமும் அதையே சொல்லுங்கள்.

ஜீவிதா இறந்த காலையில் அவள் ஃபோனிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது என்கிறீர்கள். வந்தது. பக்கத்தில் நின்று அதைக் கேட்டவர் இப்போது இல்லை. இனி நான் சொன்னால்தான் உண்டு. சாயங்காலம் சீக்கிரம் வருவதாக அவள் சொல்லவில்லை.

"ஏனுங்க, டப்பாவுல லைட்டே எரியலீங்க. ராஜரத்தினம் அண்ணன் போகாத புள்ளைங்கறாரு. கிளி என்னங்க சொல்லுது?" என்றாள்.

ஓகே என்றேன்.

"செரீங்க. நீங்க சொல்றீங்கல்ல, எனக்கு அது போதுமுங்க. உள்ள போறேன்."