வண்டியில் மாட்டிய கேமரா குறித்து விசாலாக்ஷி சொன்னது

என் பெயர் விசாலாக்ஷி. வயது ஐம்பத்தெட்டு. கணவர் பெயர் வெங்கடராமன். செம்பூர் கிழக்கில் லக்ஷ்மி நிவாஸ் சொஸைட்டியில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். பிறந்ததும் படித்ததும் மாட்டுங்காவில். வீட்டு வேலை தவிர வேறு உத்தியோகம் கிடையாது. எனக்கு மராத்தி பேச வரும், எழுதியதைச் சரளமாகப் படிக்க வராது. படித்துப் பார்க்காத காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதால், இந்த ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த காவலர் பூதத்தான் நான் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொள்கிறார். மராத்தி மொழிபெயர்ப்பு பிறகு சேர்க்கப்படும் என்று சொன்னார்கள்.

என் கணவர் சென்ற வாரம் இங்கே வந்து, தன் மோட்டார் சைக்கிளில் பொருத்தியிருந்த கேமராவை எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் சாய்நாத் உடைத்துவிட்டதாகப் புகார் கொடுத்திருக்கிறார். அது பொய். உடைத்தது நான். சாய்நாத்துக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அதற்கு இதே ஸ்டேஷனிலிருந்து நன்னடத்தைச் சான்று போக வேண்டும். அவன் பேரில் வழக்கு ஏறினால் சான்று நின்றுபோகும், வேலையும் கைவிட்டுப் போகும். இது என் கணவருக்கும் நன்றாகத் தெரியும். அதனால் நானே பஸ் ஏறி வந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை.

நான் இவ்வளவு சொன்னதும் பூதத்தான் பேனாவை வைத்துவிட்டு, “ஏம்மா, வீட்டுக்குள்ள உள்ள சண்டைய ஸ்டேஷன்ல வந்து எழுதச் சொல்லுதீயளே, வெளிய உக்காந்து பேசி முடிச்சிக்கிடப்படாதா?” என்று கேட்டார். ஸ்டேஷனுக்கு முதலில் வந்தது நான் இல்லை என்று பதில் சொன்னேன். அதன் பிறகு அவர் எழுதினார்.

என் கணவர் ஒரு தனியார் கம்பெனியில் சாமான் கொள்முதல் செய்யும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருடம் மழைக்கு முன்பு செம்பூர் நாகா சந்திப்பு அருகே ஒரு ஆட்டோ அவர் வண்டியை உரசிவிட்டு, தப்பு அவர்மேல்தான் என்று ஆட்டோக்காரர் சத்தம் போட, கூடி நின்றவர்களும் ஆட்டோக்காரர் பக்கம் பேசியிருக்கிறார்கள். அதன் பிறகு, அத்தாட்சி இல்லாமல் இந்த ஊரில் ரோட்டில் இறங்கக்கூடாது, வண்டிக்குக் கேமரா வைக்க வேண்டும் என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வாங்கச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

கேமராவைத் தேர்ந்தெடுக்க அவர் ஆபீஸில் டெண்டர் பார்ப்பதுபோல் உட்கார்ந்தார். ஆன்லைனில் மூன்று விதமான கேமராக்களை வரவழைத்தார். சோதித்துவிட்டு இரண்டைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. டப்பா கிழியாமல் பிரிப்பதும் மறுபடி பழைய மடிப்பிலேயே மடித்து டேப் ஒட்டுவதும் என் வேலை. எந்தக் கேமரா நல்லது என்பதற்கு அவர் வைத்த பரீட்சை ஒன்றே ஒன்றுதான். எதிரில் வரும் வண்டியின் நம்பர் தெரிய வேண்டும். அதற்காக எங்கள் பழைய ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, காலனிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நடைபாதை ஓரம் நிறுத்தினார். நான் அந்தப் பிளேட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் ஒவ்வொரு கேமராவாக மாட்டிக்கொண்டு வந்து என்னைக் கடந்து போவார், திரும்பி வருவார்.

“கொஞ்சம் தூக்கிப் பிடி. இன்னும் மேல. மூஞ்சியை மறைச்சாலும் பரவாயில்லை, நம்பர் நேரா இருக்கணும்” என்று வண்டியில் இருந்தபடியே கத்தினார். கறிகாய் வண்டிக்காரர் ஒருவர் நின்று, “ஆன்ட்டி, யே கோன்ஸா மோர்ச்சா ஹை?” என்று கேட்டார். எந்தக் கட்சி ஊர்வலத்துக்கு நிற்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

முதல் கேமரா தீப்பெட்டிபோல் சின்னது. ஹேண்டில்பாரில் மாட்டினார். படம் பளிச்சென்று இருந்தாலும் வண்டி உதறுவதில் நம்பர் நடுங்கி எட்டு மூன்றாகத் தெரிந்தது. சார்ஜும் சீக்கிரம் தீர்ந்தது. இரண்டாவதை ஹெல்மெட்டில் ஒட்டினார். அவர் சிக்னலைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் கேமராவும் திரும்பிக்கொண்டு கறிகாய் வண்டியைப் படம் பிடித்தது. கழுத்து வலிக்கிறது என்று அதையும் ஒதுக்கினார். மூன்றாவது, வண்டி பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்வது. முன் விளக்குக்குக் கீழே ஒரு கண், பின்னால் ஒரு கண், படம் சேரும் பெட்டி சீட்டுக்கு அடியில். மழை பட்டாலும் ஒன்றும் ஆகாது. நிறுத்தி வைத்த வண்டியை யாராவது அசைத்தால் தானே விழித்துக்கொண்டு பதிவு செய்யும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதைப் பொருத்தினார். மூன்று கேமரா எடுத்த படத்தையும் அன்று மாலை கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாப் படத்திலும் நான் நின்றேன். “வெயில்ல நின்னியே, தலை வலிக்கறதா?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு ஆட்டோ விஷயம் மறந்துபோயிற்று. போக்குவரத்துப் பிரிவுக்குப் புகார் அனுப்பும் செயலி ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டு, தினமும் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய், ரோடு தோண்டிப் போட்டிருப்பதால் ஜனங்கள் எதிர்ப்பக்கம் புகுந்து வரும் முனையில் நிற்க ஆரம்பித்தார். தப்பாக வருகிறவர்களைப் படம் பிடித்து அனுப்புவார். எங்கள் சொஸைட்டியிலேயே பல பேருக்கு அபராதச் சலான் வந்தது. லிஃப்டில் நான் ஏறினால் பேச்சு நின்றுபோகும். படம் எடுக்கும்போது யாராவது போன் பண்ணித் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவார். ஆபத்து அவசரம் என்றால் என்ன செய்வது என்று ஒருமுறை கேட்டேன். “அப்படி என்ன அவசரம் வந்துடப் போறது?” என்றார்.

சென்ற மாதம் ஒருநாள் காலை குக்கர் மூடி சட்டென்று திறந்துகொண்டு கொதிக்கிற பருப்பு என் வலது கையில் முழங்கை வரை கொட்டியது. தோல் அப்படியே உரிந்தது. என் கணவருக்குப் போன் பண்ணினேன். போகவில்லை. திரும்பத் திரும்பப் பண்ணினேன். அதன் பிறகு கதவைத் திறந்து மாடிப்படியில் நின்று கத்தினேன். ஆபீஸுக்குப் புறப்பட்ட சாய்நாத் இறங்கி வந்து பார்த்து, “ஐயோ மாமி! ஆட்டோவெல்லாம் கிடைக்காது, என் பைக்ல உக்காருங்கோ, ஜல்தி” என்றான். அவனிடம் ஒரு ஹெல்மெட்தான் இருந்தது. அதையும் என்னிடம் நீட்டினான். எனக்கு மாட்டிக்கொள்ளக் கை இல்லை. சுற்றிப் போனால் நேரமாகும் என்பதால் தோண்டிய ரோட்டில் எதிர்ப்பக்கம் விட்டான். எனக்கு வலியில் கண் இருட்டியது.

முனையில் என் கணவர் வண்டியோடு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. “ஏன்னா! ஏன்னா!” என்று கத்தினேன். அவர் பார்த்தார். நாங்கள் வந்த பைக்கின் நம்பரைப் பார்த்தார். நாங்கள் கடந்து போனோம்.

டாக்டர் கையைச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டார். சாய்நாத் அன்று ஆபீஸுக்குப் போகாமல் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவன் அம்மா பாகீரதியைக் கூப்பிட்டு எனக்குச் சாதம் போடச் சொன்னான். என் கணவர் மத்தியானம் வந்தார். கையில் என்ன என்று கேட்டார். குக்கர் என்றேன். “பாத்துத் திறக்கப்படாதோ” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அதன் பிறகு அன்றைய படங்களை எனக்குக் காட்டினார். அதில் ஒன்றைப் போட்டு, “இதைப் பாரேன். எதிர்ப்பக்கம் வரான், பின்னால இருக்கறவளுக்கு ஹெல்மெட் இல்லை. யாரோ நம்ம மனுஷி போலிருக்கு, ஏன்னான்னு யாரையோ கூப்பிடறா” என்று சிரித்தார்.

அது நான்தான் என்று சொன்னேன். அவர் படத்தை நிறுத்திப் பார்த்தார். அதன் பிறகு, “அப்போ இது சாய்நாத் வண்டியா? அனுப்பியாச்சே” என்றார். வாபஸ் வாங்கச் சொன்னேன். “டாக்டர்கிட்ட போறவாளுக்குத் தனி சட்டமா? நீயாவது ஹெல்மெட் வேணும்னு கேட்டிருக்கணும்” என்று பதில் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் ஒரே குரலில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் குரல் அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது வயிறு எரிந்தது, கையை விட அதிகமாக.

சில நாளில் சாய்நாத்துக்குச் சலான் வந்தது. அன்று காலை ஆபீஸுக்குப் போகும்போது அவன் எங்கள் மாடிப்படியிலேயே நின்று, “அங்கிள், மாமியைத்தானே கூட்டிண்டு போனேன்! ஷரம் நஹி ஆத்தி ஆப்கோ?” என்று, வெட்கமாக இல்லையா என்று, சத்தம் போட்டான். எல்லா வீட்டிலும் கேட்டது. அவன் கை ஓங்கவில்லை, வண்டியைத் தொடவில்லை. கோபம் தீரக் கத்திவிட்டு மேலே போய்விட்டான். என் கணவர் கதவைச் சாத்திவிட்டு, “பின்னால உக்காந்துண்டு போன உனக்காகத்தான் இந்தப் பேச்செல்லாம் கேக்கறேன்” என்று என்னைச் சொன்னார்.

அன்று மத்தியானம் அவர் தூங்கியதும், இஞ்சி நசுக்கும் குழவிக் கல்லை எடுத்துக்கொண்டு பார்க்கிங்குக்குப் போனேன். வண்டி சாயாமல் இருக்கக் கட்டுப் போட்ட கையை ஹேண்டில்பாரில் வைத்து, இடது கையால் முன்பக்கக் கேமராவை அடித்தேன். அதன் பிறகு பின்னால் போய் அதையும் அடித்தேன். இரண்டும் நொறுங்கின. எனக்கு மனசு குளிர்ந்தது. அதையும் எழுதுங்கள். சாய்நாத் அப்போது ஆபீஸில் இருந்தான்.

மாலையில் அவர் உடைந்ததைப் பார்த்துவிட்டு, சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து மெமரி கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். நான் காப்பி டம்ளரோடு அவர் பின்னால் நின்றேன். அடிக்குமுன் கேமரா விழித்துக்கொண்டு எடுத்த படம் அதில் இருந்தது. என் முகம் விழவில்லை. வெள்ளைக் கட்டுப் போட்ட கையும், கல்லை ஓங்கிய கையும் விழுந்திருந்தன. அவர் இரண்டு முறை பார்த்தார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. காப்பியை வாங்கிக் குடித்தார்.

மறுநாள் இங்கே வந்து சாய்நாத் பெயரைக் கொடுத்துவிட்டு, படம் ஒன்றும் பதிவாகவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். வீட்டில் நான் கேட்டபோது, “ஆத்துக்காரி உடைச்சான்னு எழுதிக் கொடுக்க முடியுமா? அவன் சண்டை போட்டதை எல்லாரும் கேட்டிருக்கா, நம்புவா. நீ வாயை மூடிண்டு இரு” என்றார். அந்தப் பிள்ளையின் வேலை போய்விடும் என்றேன். “அதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்” என்றார். யார் யோசித்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இன்று காலை அவர் மேஜை இழுப்பறையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து வந்து இந்த ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறேன்.

இதுவரை எழுதியதும் இன்ஸ்பெக்டர் என் கணவரைப் போனில் வரச் சொன்னதால், என் வாக்குமூலம் நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் வந்த பிறகு என் முன்னாலேயே அந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, இது யார் கை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். என் கை அதே கட்டோடு மேஜைமேல் இருந்தது. என் கணவர் படத்தைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். அதன் பிறகு, “தெரியலை சார். முகம் தெரியலையே” என்றார். இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார். அவர் மறுபடியும் அதையே சொன்னார். அவரை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

நான் மேலும் சொல்வது. புகாரில் சாய்நாத் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும். வழக்கு நடந்தால் நடக்கட்டும். சமாதானம் பேச எனக்கு இஷ்டமில்லை. அவருடைய வண்டியில் நான் வீட்டுக்குப் போகப்போவதில்லை.

இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது. படித்துப் பார்த்தேன். நான் சொல்லாதது ஒன்றும் இல்லை, சொன்னதில் பொய் இல்லை. வலது கையால் எழுத முடியாததால் இடது கையால் கையெழுத்திடுகிறேன். இடது கைக் கையெழுத்து என்பதால் என்னை அடையாளம் தெரிந்த ஒருவர் சாட்சி போட வேண்டும் என்று பூதத்தான் சொல்லி, வெளியே இருக்கும் என் கணவரைக் கூப்பிடலாமா என்று கேட்டார். அவருக்கு என்னை அடையாளம் தெரியாது, மூன்றாம் மாடி பாகீரதிக்குப் போன் பண்ணுங்கள் என்று சொன்னேன்.

(ஒப்பம்) விசாலாக்ஷி, இடது கை

அடையாளம் காட்டிய சாட்சி: பாகீரதி, லக்ஷ்மி நிவாஸ், மூன்றாம் மாடி

எழுதியவர்: காவலர் பூதத்தான்